தகரக் கூரைக்குக் கீழே ஓர் அலமாரி

அஸ்தம்பட்டிப் பக்கம் கார் கழுவிப் பாலிஷ் போடும் ஷெட் போட்ட முதல் வருஷம், கூரைக்குத் தகர ஷீட்தான். ஷாம்பு, பெயிண்டைத் தேய்த்துப் பாலிஷ் போடும் காம்பவுண்ட், வாக்ஸ் எல்லாவற்றையும் சுவரின் மேல் தட்டில் அடுக்கினேன். கை படாத இடம்தான் பத்திரம் என்று நினைப்பு. சேலத்து மே மாதம் வெளியிலேயே 40 டிகிரி அடிக்கும். கூரையை ஒட்டிய தட்டு என்ன பாடுபடும் என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

ஒரு கறுப்பு காருக்குப் பாலிஷ் வேலை. தம்பி காம்பவுண்ட் பாட்டிலைக் கவிழ்த்தான். முதலில் எண்ணெய் மாதிரித் தெளிவாக ஒழுகியது. அப்புறம் ஒன்றும் வரவில்லை.

“அண்ணா, அடியில மண்ணு மாதிரி கட்டியா நிக்குதுங்க.”

“நல்லா குலுக்கிப் போடு, சரியாயிடும்” என்றேன். அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. காம்பவுண்ட் என்பது தண்ணீரும் எண்ணெயும் தேய்ப்புத் தூளும் சேர்ந்து நிற்கும் கலவை. நாள்கணக்கில் வெந்து பிரிந்தபின் குலுக்கினால் கலந்தது போலத் தெரியும், ஆனால் தூள் கட்டி முழுதாகக் கரையாது. மெஷின் ஓட்டி முடித்து லைட் அடித்துப் பார்த்தால், பானட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரிக் கோடுகள். புதுப் பாட்டில் வாங்கி வந்து இரவு பதினொன்று வரை அதே பானட்டோடு நின்றோம்.

மறுநாளே அலமாரியைக் கீழே இறக்கி, வடக்குச் சுவர் நிழலுக்கு மாற்றினேன். பெயிண்ட் மேல் பூசி இறுக விடும் செராமிக் கோட்டிங் மட்டும் அப்போதும் ஏமாற்றியது. அதற்கு வெயிலோடு காற்றின் ஈரமும் ஆகாது. ஒருமுறை திறந்தால் உள்ளே போன ஈரத்திலேயே மெல்ல இறுக ஆரம்பித்துவிடும். மூடியின் மரையில் கண்ணாடித் தூள் போல வெள்ளையாகப் படிந்திருந்தால் அந்தப் பாட்டிலை நான் தொடுவதில்லை. சின்னப் பாட்டிலாக வாங்கி, திறந்த அன்றைக்கே முடித்துவிடுகிறோம்.

வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்கலாமே என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். கூடவே கூடாது. தார் நீக்கும் கரைப்பானும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலும் விடும் ஆவி தீப்பிடிக்கும். மூடின பெட்டிக்குள் ஆவி தேங்கியிருக்க, ஃப்ரிட்ஜின் சுவிட்சில் ஒரு பொறி போதும். தண்ணீர் கலந்த சரக்கு உறைந்தால் அதுவும் பிரிந்துபோகும். எங்கள் ஷெட்டில் கரைப்பான்களுக்குத் தனி இரும்புப் பெட்டி, கம்ப்ரஸர் மோட்டாரிலிருந்து தள்ளி. ஸ்ப்ரே டப்பாவில் 50 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று அச்சடித்திருக்கும். வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு சுலபமாக வந்துவிடும்.

இன்னொன்றை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. வீல் கழுவும் ஆசிடைக் கொஞ்சம் காலித் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தோம். மதியம் சாப்பிட உட்கார்ந்த தம்பி அதை எடுத்து மூடியைத் திருகிவிட்டான். வாடை வந்ததால் கீழே வைத்தான். அன்றோடு தண்ணீர் பாட்டிலில் எதையும் ஊற்றுவதை நிறுத்தினோம்.

ஏற்காட்டு வேலை வேறு கதை. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, 1,500 மீட்டர் உயரத்தில் வண்டியை நிறுத்தினால், கீழே இறுக்கி மூடிய கேன்கள் உப்பியிருக்கும். மேலே காற்றழுத்தம் குறைவு. சட்டென்று திறந்தால் முகத்தில் தெறிக்கும். நேராக நிறுத்தி, மூடியைக் கால் சுற்றுத் திருகி, புஸ்ஸென்ற சத்தம் அடங்கியதும்தான் திறக்க வேண்டும். அதே காலிக் கேனை மூடிக் கீழே கொண்டுவந்தால் ஒடுங்கிப்போகும்.

போன மார்கழியில் ஒரு விடுதி வாசலில் விடியற்காலை வேலை. பனிமூட்டத்தில் கார் நம்பர்கூடத் தெரியவில்லை. ஷாம்பு தேன்பாகு மாதிரி இறுகி, கேனைச் சாய்த்தும் நகரவில்லை. அடுப்பில் காட்டலாமா என்று கேட்டான் தம்பி. விடுதிச் சமையல்கட்டில் ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீர் வாங்கி, கேனை அதில் கால் மணி நேரம் நிறுத்தினோம். இரண்டு பேரும் அந்த வாளியிலேயே கையைச் சூடாக்கிக்கொண்டோம். அப்புறம் சாய்த்தபோது நூல் பிடித்த மாதிரி இறங்கியது.