மாடி மழைநீரைக் கிணற்றுக்கும் சம்ப்புக்கும் திருப்பிய வேலை: அளவுகளும் சிக்கல்களும்

2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானதும் சென்னையில் அவசர அவசரமாகத் தோண்டிய குழிகளில் பல இன்று பேருக்குத்தான் குழி. செங்கல் துண்டும் மணலும் கொட்டி நிரப்பியவை, இத்தனை வருட வண்டலில் இறுகிப் போயிருக்கும். மேலே ஒரு சிலாப், அதன்மேல் ஒரு பைக். அப்படி ஒரு வீட்டில் அமைப்பு முழுவதையும் பிரித்துத் திரும்பச் செய்த விவரம் இது. 1,000 சதுர அடி மாடி, பின்பக்கம் சிமென்ட் வளையங்களை (உறைகளை) அடுக்கிக் கட்டிய உறைக்கிணறு, முன்பக்கம் சம்ப் என்கிற நிலத்தடித் தொட்டி, கேட் ஓரம் அடைத்துப்போன குழி.

1,000 சதுர அடியில் 1 மி.மீ. மழை பெய்தால் 93 லிட்டர். ஐந்து சென்டிமீட்டர் பெய்தால் 4,650 லிட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. பெய்கிறது, அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் லட்சம் லிட்டர் தேறும். 12,000 லிட்டர் லாரிக் கணக்கில் எட்டு லோடு. ஆனால் குழாயையும் வடிகட்டியையும் இந்த வருடக் கணக்கை வைத்து அமைத்தால் தப்பாகும். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு கொட்டும் என்று பார்த்துத்தான் அளவு எடுக்க வேண்டும்.

குழாயில் கை வைப்பதற்கு முன் ஒரு பக்கெட்டில் மஞ்சள்தூள் கரைத்து, மாடியின் ஒவ்வொரு தண்ணீர் வாயிலும் ஊற்றி, கீழே எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். அதேபோல் பால்கனி, வாஷிங் மெஷின் வைக்கும் இடம், மேல்மாடி வாஷ்பேசின் எல்லாவற்றிலும். மழைநீர்க் குழாய் பக்கத்தில் இருக்கிறதே என்று ப்ளம்பர்கள் சோப்புத் தண்ணீரை அதில் சேர்த்துவிடுவது சாதாரணம். ஒரு இணைப்பு விட்டுப்போனாலும் கிணற்றில் நுரை வரும். அவற்றைப் பிரித்துக் கழிவுநீர்க் குழாயில் சேர்த்த பிறகுதான் மற்ற வேலை.

மாடித் தரையின் வாட்டம் வாயை நோக்கி இருக்க வேண்டும். வாயில் தட்டையான சல்லடை வைத்தால் நாலு வேப்பிலை போதும், அடைத்துக்கொள்ளும். கூண்டு போல மேலெழும்பிய சல்லடைதான் சரி.

குழாய் 110 மி.மீ. மணிக்கு 10 செ.மீ. என்ற வேகத்தில் மழை அடித்தாலும் 1,000 சதுர அடியில் நொடிக்கு 2.6 லிட்டர்தான் வரும், அதை இந்தக் குழாய் ஒன்றே தாங்கும். நடுவில் எங்கும் 75 மி.மீ. துண்டு போட்டுக் குறுக்கக் கூடாது. படுக்கைவாட்டில் போகும் இடத்தில் பத்தடிக்கு ஒன்றேகால் இன்ச் வாட்டம், நாலடிக்கு ஒரு கிளாம்ப். கிளாம்ப் குறைந்தால் குழாய் தொய்ந்து, தொய்ந்த இடத்தில் மண் தேங்கும். திருப்பங்களில் திறந்து சுத்தம் செய்யக் கதவு வைத்த எல்போ (வளைவு இணைப்பு) போடுங்கள். சில ரூபாய் மிச்சம் பிடித்தால் பிறகு குழாயை அறுக்க வேண்டியிருக்கும்.

முதல் மழையின் அழுக்கை ஒதுக்க, குழாயின் அடியில் மூடி போட்ட பத்தடித் துண்டு ஒன்றை விட்டால் போதும் என்று சொல்வார்கள். கணக்குப் போட்டால் அது நிற்காது. 110 மி.மீ. குழாய் ஒரு மீட்டருக்கு எட்டரை லிட்டர்தான் பிடிக்கும், பத்தடிக்கு 26 லிட்டர். மாடியில் படிந்த தூசியும் புறா எச்சமும் கழுவிப் போக முதல் 2 மி.மீ. மழையாவது வேண்டும், அது 186 லிட்டர். அதனால் டீ (மூன்று வாய் இணைப்பு) போட்டு, ஒரு கிளையில் கையால் திருப்பி மூடும் பால் வால்வ் (ball valve) வைத்து, அதைக் கேட் ஓரக் குழிக்குத் திருப்பிவிட்டோம். வெயில் காலத்தில் வால்வ் திறந்தே இருக்கும். பருவமழையின் முதல் இரண்டு மழை அதன் வழியாகப் போன பிறகு மூடிவிட்டால் தண்ணீர் வடிகட்டிக்கு ஏறும். யாராவது கையால் மூட வேண்டும் என்பது குறைதான், ஆனால் கெட்டுப்போக இதில் ஒன்றும் இல்லை.

வடிகட்டியில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். 200 லிட்டர் டிரம்மில் ஜல்லி, மேலே மணல், நடுவில் கரி என்று அடுக்கிக் கொடுப்பார்கள். சுத்திகரிப்பு நிலையங்களின் வேக மணல் வடிகட்டியிலேயே சதுர மீட்டருக்கு மணிக்குச் சுமார் 5,000 லிட்டர்தான் கணக்கு. டிரம்மின் குறுக்குப் பரப்பு கால் சதுர மீட்டர், ஆக 1,250 லிட்டர். மணிக்கு ஐந்து சென்டிமீட்டர் மழையில் வருவதோ 4,650. மிச்சம் டிரம் விளிம்பில் வழிந்து வீணாகும், அல்லது மூடி இறுக்கமாக இருந்தால் குழாயில் எதிர்த்து ஏறும். மணலில் வண்டல் படியப் படிய அந்த 1,250-உம் குறையும்.

ஆகவே மணல் வேண்டாம். அடியில் ஓர் அடி 40 மி.மீ. கருங்கல் ஜல்லி, அதன்மேல் முக்கால் அடி 20 மி.மீ. ஜல்லி, அதற்கு மேல் நைலான் கொசுவலை, வலை நகராமல் இருக்க நான்கு இன்ச் கூழாங்கல். இலையும் பெரிய தூசியும் வலையில் நின்றுவிடும். எடுத்து உதறிப் போட்டால் முடிந்தது. ஜல்லியை டிரம்மில் போடும் முன் தண்ணீர் தெளிவாக வரும்வரை அலச வேண்டும். கிரஷர் தூளோடு அப்படியே கொட்டினால் முதல் மழையில் சாம்பல் நிறக் குழம்பு கிணற்றில் இறங்கும். வெளியேறும் குழாயும் 110 மி.மீ. இருக்கட்டும். டிரம் விளிம்புக்கு மூன்று இன்ச் கீழே ஓவர்ஃப்ளோ குழாய் ஒன்று கட்டாயம்.

கிணற்றுக்குள் குழாயைச் சுவர் ஓரமாக விடாதீர்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற மணல் பகுதிகளில் உறைமேல் தண்ணீர் அடித்தால் இடுக்கு வழியாகப் பின்னால் இருக்கும் மணல் கரைந்து, உறை சாய ஆரம்பிக்கும். குழாயைக் கிணற்றின் நடு வரை நீட்டி, எல்போ வைத்துக் கீழ்நோக்கி விட வேண்டும். கிணற்று வாய்க்குக் கம்பி ஜாலி, அதன்மேல் கொசுவலை. சென்னையின் மலேரியாக் கொசு முட்டை இடுவது கிணற்றிலும் தொட்டியிலும்தான்.

சம்ப்புக்கு வேறு கவனம் தேவை. வடிகட்டியிலிருந்து ஒரு வால்வோடு கிளை எடுத்தோம். சம்ப் நிறைந்ததும் ஓவர்ஃப்ளோ கிணற்றுக்கே போகும். ஓவர்ஃப்ளோவைத் தெருவுக்கு விட்ட வீடுகளில், தெருவில் தண்ணீர் நிற்கும் நாளில் சாக்கடை அதே வழியாக உள்ளே வருகிறது. ரோடு போடப் போட வீடு தாழ்ந்துவிட்ட தெருக்களில் சம்ப் வாயைச் சுற்றி முக்கால் அடிக்காவது செங்கல் கட்டிப் பூச வேண்டும். இந்தத் தண்ணீர் துவைக்க, குளிக்கத் தாராளமாக ஆகும். குடிப்பதென்றால் கொதிக்க வைத்துத்தான்.

தரையில் விழும் மழையை, கார் எண்ணெய் கலந்தது என்பதால், கிணற்றிலோ போரிலோ விடவே கூடாது. அதற்குக் கேட் உட்புறம் ஓர் அடி அகலத்துக்குச் சல்லடை மூடிய வாய்க்கால், அங்கிருந்து குழி. பழைய குழியில் இரண்டு டிரம் தண்ணீர் ஊற்றி, மறுநாளும் அப்படியே நின்றால் நிரப்பியதை எல்லாம் அள்ளி எறியுங்கள். மூன்றடி விட்டத்தில், ஆறடி ஆழத்துக்கு ஓட்டை போட்ட உறைகளை இறக்கிக் காலியாக விட்டால் 1,200 லிட்டர் கொள்ளும். ஜல்லி நிரப்பினால் கல்லிடுக்கில் நிற்கும் 400, 500 லிட்டர் மட்டுமே. அஸ்திவாரத்திலிருந்து குறைந்தது நாலடி தள்ளி இருக்கட்டும், கழிவுநீர் மேன்ஹோலிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு.

மணல் பூமிக்கு இது போதும். பெரம்பூர், அயனாவரம் பக்கம் களிமண் என்பதால் குழியின் அடியில் ஆறு இன்ச் துளையை மணல் தட்டும்வரை, பத்துப் பதினைந்து அடிக்கு, கையால் சுழற்றித் துளை போடும் ஆகரில் இறக்கி அதை மட்டும் ஜல்லியால் நிரப்ப வேண்டும். களிமண்ணில் துளை இல்லாத குழி வெறும் தொட்டிதான். கிண்டி, வேளச்சேரி போலப் பாறை மேலாக இருக்கும் இடத்தில் குழிக்குப் பணம் கொட்டாமல், இருக்கிற கிணற்றைத் தூர் வாரி மாடித் தண்ணீரை அதில் விடுவது மேல்.

வேலையை ஆகஸ்டில் ஆரம்பித்தால் சிமென்ட் காய அவகாசம் இருக்கும். அக்டோபரில் கூப்பிட்டால் ப்ளம்பர் கிடைக்கமாட்டார். அதன்பின் பெரிய மழை ஒவ்வொன்றும் விட்ட பிறகு வலையை உதறுவது, சீசன் முடிந்ததும் ஜல்லியை வெளியே கொட்டி அலசிக் காய வைத்துத் திரும்ப அடுக்குவது, கேட் வாய்க்காலில் சேர்ந்த மண்ணை அள்ளுவது. வாய்க்கால் மண்ணைச் செடிக்குப் போட வேண்டாம், எண்ணெய் இருக்கும்.