கௌரி - செந்தில் கதை: பாதிக்கு மேல் எழுதியாயிற்று

ரொம்ப நாளாக மனதில் கிடந்த காதல் நாவல் பாதியைத் தாண்டிவிட்டது, அதனால் இதுவரை செய்து பார்த்ததை எழுதி வைக்கிறேன். செந்தில் பண்ருட்டிப் பக்கத்து ஆள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்து பலாவையும் முந்திரியையும் சாய்த்துப் போட்டதே, அதற்கப்புறம் முறிந்து தொங்கிய கிளையை வெட்ட ஏறி, தவறி விழுந்து கழுத்தில் அடிபட்டவன். இப்போது திருப்பாதிரிப்புலியூரில் அம்மாவோடு இருக்கிறான். கௌரி அங்கே சம்பளத்துக்கு வரும் ஹோம் நர்ஸ்.

எனக்கு முதலில் தீர்மானிக்க வேண்டியிருந்தது தண்டுவடத்தில் அடி எந்த மட்டத்தில் என்பதுதான். இடுப்புக்குக் கீழே மட்டும் செயலிழந்தவர் பழகிவிட்டால் தன் வேலைகளில் பெரும்பாலானதைத் தானே செய்துகொள்வார், ராத்திரியும் பகலும் ஆள் தேவைப்படாது. அதனால் சி6 என்று வைத்தேன், அதாவது கழுத்தில் ஆறாவது நரம்பு மட்டம். தோள் அசையும், முழங்கை மடங்கும், மணிக்கட்டை மேலே தூக்க முடியும், விரல்கள் மட்டும் தானாக அசையாது. ஆனால் மணிக்கட்டைப் பின்னால் தூக்கினால் விரல்கள் தாமாகவே மடங்கி, ஒரு ஸ்பூனையோ பேனாவையோ பிடிக்கிற அளவு பிடி கிடைக்கும். கட்டை விரலில் தொடு உணர்ச்சி இருக்கும், சுண்டு விரலில் இருக்காது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. அவள் கை அவன் கைக்குள் இருக்கிறது, கட்டை விரல் பக்கம் அவளை உணர்கிறான், சுண்டு விரல் பக்கம் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறான், அப்புறம் மெதுவாக மணிக்கட்டைத் தூக்கி அவள் கையைப் பிடிக்கிறான். நாவலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

எங்கள் உறவில் தண்டுவடம் அடிபட்டு பல வருஷமாக வீல்சேரில் இருக்கும் ஓர் அண்ணன் உண்டு. இப்படி ஒரு கதை எழுதப் போகிறேன் என்றதும் அவர் கேட்டது, “ஏம்மா, கதைல வர்றவனுக்கு மட்டும் யூரினே வராதா?” அதிலிருந்து அந்தக் கேள்வியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை டியூப் போட்டு சிறுநீர் எடுக்க வேண்டும். படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும், இல்லாவிட்டால் புட்டத்துக்கு மேலேயும் குதிகாலிலும் தோல் சிவந்து படுக்கைப் புண்ணாகிவிடும். கத்தரி வெயிலில் அடிபட்ட மட்டத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது, ஈரத்துண்டு போட்டுச் சூட்டைத் தணிக்க வேண்டும். காதலர்கள் பேசுகிற பேச்சு எல்லாமே இந்த வேலைகளுக்கு நடுவில்தான் நடக்க முடியும், வேறு நேரமே அவர்களுக்கு இல்லை!

புரட்டுவதை நானே செய்து பார்த்தேன். அலாரம் வைத்துக்கொண்டு நான் அசையாமல் படுத்திருக்க, என் வீட்டுக்காரர் எழுந்து எழுந்து என்னைப் புரட்டினார். புரள்கிறவள் திரும்பத் தூங்கிவிடுகிறாள், புரட்டுகிறவருக்குத்தான் தூக்கம் போய்விடுகிறது. காலையில் அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் கௌரியின் களைப்பை என்னால் எழுத முடிந்தது. அவள் பொறுமையின் உருவம் கிடையாது, சிடுசிடுப்பாள், ஒருநாள் பாதி ராத்திரியில் அழுவாள்.

வீல்சேர் வாடகைக்கு எடுத்து எங்கள் தெருவிலும் உட்கார்ந்து பார்த்தேன். உட்கார்ந்து பார்த்ததால் அவர்கள் வாழ்க்கை எனக்குத் தெரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், தெருவின் அளவு தெரிந்தது. சாய்தளம் 12 அடி நீளத்துக்கு 1 அடி உயரம் என்ற கணக்கில் இருக்க வேண்டும். எங்கள் திண்ணை ஒன்றரை அடி, அப்படியானால் 18 அடி நீளத்துக்குச் சாய்தளம் வேண்டும், அது தெருவைத் தாண்டி எதிர் வீட்டு வாசலில் போய் முடியும்! செந்தில் வெளியே வராமல் கிடப்பதற்குக் காரணம் அவனுடைய சோகம் என்று எழுத இருந்த பக்கங்களில் இப்போது அந்தத் திண்ணையை வைத்துவிட்டேன். சில்வர் பீச் மணலில் சக்கரம் புதையும். அதனால் இருவரும் முதல்முறை வெளியே போவது புதுச்சேரி கடற்கரைச் சாலைக்கு, சாயங்காலத்தில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள், காந்தி சிலைப் பக்கம் சமதரையில் தாராளமாக நகரலாம்.

அங்கேதான் அந்த நெருக்கடியை வைத்திருக்கிறேன். திடீரென்று அவனுக்குத் தலை வெடிக்கிற வலி, முகம் சிவந்து வியர்க்கிறது. இந்த மட்டத்தில் அடிபட்டவர்களுக்கு மூத்திரப்பை நிறைந்தாலே ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறும், உயிருக்கே ஆபத்து. கௌரி அவனை நிமிர்த்தி உட்கார வைத்து, இடுப்புப் பட்டையைத் தளர்த்தி, தொடையடியில் மடங்கிக் கிடந்த டியூபை நேராக்குகிறாள். வெளியூர் போகிற நாளில் மட்டும் பையோடு டியூப் பொருத்திக்கொள்கிறான், அது மடங்கியதுதான் காரணம்.

சம்பளம் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். மாதச் சம்பளம் வாங்குகிறவள் வேண்டாம் என்று சொன்னால் வேலை போகும், அவன் வேண்டாம் என்று சொன்னால் அன்று ராத்திரி புரட்ட ஆள் இருக்காது. இரண்டு பேரும் பயமில்லாமல் மறுக்க முடிகிற நிலை வந்த பிறகுதான் அதைக் காதல் என்று எழுத எனக்கு மனம் வந்தது. அதனால் கௌரி வேலையை விடுகிறாள், வேறொரு ஆள் வருகிறார், அவள் பத்து நாள் கழித்து விருந்தாளியாக வாசலில் வந்து நிற்கிறாள். “என்ன சிஸ்டர், ஏதாச்சும் மறந்து வச்சிட்டீங்களா?” என்கிறான் அவன். அவன் குணமாகி எழுந்து நடக்கப் போவதில்லை, சாகவும் மாட்டான், அதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

இன்னும் எழுதாதது அம்மாவின் அத்தியாயம். கௌரி வருவதற்கு முன்னால் அத்தனை ராத்திரியும் அவனைப் புரட்டியவர் அவர்தான், மகனுக்குக் காதல் என்றதும் அவருக்குச் சந்தோஷமும் பொறாமையும் ஒன்றாக வரும். அந்த அண்ணனுடைய அம்மா பேசச் சம்மதித்திருக்கிறார், வரும் ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.