பேட்டில்டெக்கில் மெக் வடிவமைக்கப் பழகுவது எப்படி: டன், வெப்பம், அம்மோ கணக்கு

மேசை விளையாட்டான பேட்டில்டெக்கில் மெக் (கால்களால் நடக்கும் பெரிய போர் இயந்திரம்) வடிவமைக்கப் பழகுகிறவர்கள் முதலில் இரண்டு ரெக்கார்டு ஷீட்டுகளை (மெக்கின் விவரத் தாள்) அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். ஒன்று சார்ஜர் சிஜிஆர்-1ஏ1, மற்றொன்று ஆவ்ஸம் ஏடபிள்யூஎஸ்-8க்யூ. இரண்டுமே 80 டன் எடை. சார்ஜர் ஒரு டர்னில் 5 ஹெக்ஸ் (வரைபடத்தின் அறுகோணக் கட்டம்) நடக்கும், 8 ஹெக்ஸ் ஓடும். எடையை நடை வேகத்தால் பெருக்கினால் வருவதுதான் இஞ்சின் ரேட்டிங்: 80 × 5 = 400. அந்த இஞ்சின் மட்டும் 52.5 டன். உள்சட்டகத்துக்கு 8, கைரோவுக்கு (சமநிலை காக்கும் பகுதி) 4, காக்பிட்டுக்கு 3, ஆர்மருக்கு 10 என்று கழித்தால் மிச்சம் 2.5 டன். அதில் ஐந்து ஸ்மால் லேசர்கள்தான் அடங்கின. ஐந்தும் பட்டாலும் 15 சேதம், அதுவும் மூன்று ஹெக்ஸுக்குள்.

ஆவ்ஸம் 3 நடக்கும், 5 ஓடும். இஞ்சின் 240, எடை 11.5 டன். இஞ்சினில் மிச்சமான 41 டன், கைரோவில் ஒரு டன், சிறு ஆயுதங்களில் இரண்டு டன், ஆக மொத்தம் 44 டன். அது எங்கே போனது என்று நீங்களே கூட்டிப் பாருங்கள்: மூன்று பிபிசிக்கு (துகள் கற்றை பீரங்கி) 21, கூடுதல் ஹீட் சிங்க்குக்கு (டர்னுக்கு ஒரு வெப்பம் தணிக்கும் கருவி) 18, கூடுதல் ஆர்மருக்கு 5. இந்தக் கணக்கு கையில் வந்துவிட்டால் வடிவமைப்பில் பாதி வந்தாயிற்று.

பழகும் முறை எளிது. புத்தகத்தில் இருக்கும் ஒரு மெக்கை எடுத்து, ஹீட் சிங்க் எண்ணிக்கையைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். எடையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்து அந்த எண்ணை நீங்களே கண்டுபிடியுங்கள். ஃப்யூஷன் இஞ்சினோடு பத்து ஹீட் சிங்க் இலவசமாக வரும். அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் ஒரு டன். இந்தப் பத்தை மறப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை. அடுத்தது, கைரோ எடையை மேல்நோக்கி முழுமையாக்க மறப்பது: 275 இஞ்சினுக்கு 2.75 இல்லை, 3 டன். பத்து மெக்குகளுக்கு இப்படிப் போட்டுப் பார்த்தால் இஞ்சின் எடை அட்டவணை தானாக மனப்பாடமாகும். 200க்கு 8.5 டன், 240க்கு 11.5, 275க்கு 15.5, 300க்கு 19, 330க்கு 24.5, 350க்கு 29.5, 400க்கு 52.5. எடை சீராக ஏறவில்லை, 350ஐத் தாண்டியதும் பாய்கிறது என்பதைக் கவனியுங்கள்.

வேகத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது: ஒரு ஹெக்ஸ் கூடினால் அந்த அளவுக்குப் பாதுகாப்பும் கூடும் என்று. அப்படி இல்லை. எதிரி உங்களைச் சுடும்போது கிடைக்கும் கஷ்ட எண் படிப்படியாகத்தான் ஏறுகிறது. 3–4 ஹெக்ஸ் நகர்ந்தால் +1, 5–6க்கு +2, 7–9க்கு +3, 10–17க்கு +4. இதை வேகத்தோடு பொருத்திப் பாருங்கள். 4/6 (நடை 4, ஓட்டம் 6) மெக்குக்கு அதிகபட்சம் +2. 5/8 மெக்குக்கு +3. 6/9 மெக்குக்கும் அதே +3தான். 55 டன் மெக்கில் 4/6லிருந்து 5/8க்குப் போக இஞ்சினில் 5.5 டன் செலவு. 5/8லிருந்து 6/9க்குப் போக இஞ்சினில் 9 டன், கைரோவில் ஒரு டன், மொத்தம் 10 டன். அந்தப் பத்து டன்னுக்குக் கிடைப்பது திரும்பவும் மேடேறவும் கொஞ்சம் தாராளம். கஷ்ட எண்ணில் எதுவும் இல்லை. அந்த +1 எவ்வளவு பெறும்? எதிரியின் குறித் திறன் 4, அவர் நடந்து +1, நடுத்தர ரேஞ்ச் +2. அதற்கு மேல் உங்கள் +2 சேர்ந்தால் அவருக்கு 9 வேண்டும்: இரண்டு பகடையில் 36க்கு 10 வாய்ப்பு. +3 ஆனால் 10 வேண்டும்: 36க்கு 6. ஐந்தில் இரண்டு பங்கு குறைகிறது.

இந்த இடத்தில்தான் வெப்பம் வேகத்தோடு பின்னிக்கொள்கிறது. வெப்பம் 5ஐத் தொட்டதும் நடை வேகத்தில் ஒன்று குறையும். 5/8 மெக் 4/6 ஆகிவிடும், அதாவது +3 போய் +2. ஆயுதங்கள் இன்னும் நன்றாகத்தான் சுடும், 7 வெப்பம் வரை குறி தப்பாது. அதனால் "5 தானே, பரவாயில்லை" என்று தோன்றும். வேகத்தை நம்பிக் கட்டிய மெக்குக்கு அந்த 5தான் உண்மையான எல்லை. மெதுவான மெக்குக்கு அப்படியில்லை. அதன் எல்லை 7.

ஆவ்ஸம் இதை எவ்வளவு அழகாகக் கையாள்கிறது பாருங்கள். 28 ஹீட் சிங்க். மூன்று பிபிசியும் சுட்டால் 30, நடந்தால் 1, மொத்தம் 31. முதல் டர்ன் முடிவில் 3 மிஞ்சும். மறுபடி மூன்றும் சுட்டால் 6. வேகத்தில் ஒன்று போகும், குறியில் ஒன்றும் போகாது. மூன்றாவது டர்னில் இரண்டு மட்டும் சுட்டால் 21 உண்டாகி 28 தணியும்; மிஞ்சிய 6ம் தீர்ந்து பூஜ்யம். மூன்று, மூன்று, இரண்டு. இதையே ஆட்டம் முழுவதும் சுற்றிச் சுற்றிச் சுடலாம். வெப்பத்தை ஒரு டர்னுக்கு மட்டும் பார்க்கக் கூடாது, மூன்று டர்னுக்குச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

நேர்மாறான பாடம் ரைஃபிள்மேன் ஆர்எஃப்எல்-3என். 60 டன், இரண்டு லார்ஜ் லேசர், இரண்டு ஏசி/5 (ஆட்டோகேனான்), இரண்டு மீடியம் லேசர். ஹீட் சிங்க் பத்தே பத்து. எல்லாம் சுட்டு நடந்தால் 25 உண்டாகி 15 மிஞ்சும். நடை வேகம் 4லிருந்து 1 ஆகும், குறியில் +2 கஷ்டம், மெக் அணையாமல் இருக்கப் பகடையில் 4 போட வேண்டும். இந்த மெக்கைக் குறை சொல்வதைவிட, எந்தக் கலவையில் அது ஓடும் என்று கண்டுபிடிப்பது நல்ல பயிற்சி. ஒரு லார்ஜ் லேசரும் இரண்டு ஏசி/5ம் சுட்டு நடந்தால் 11தான், மிஞ்சுவது 1.

இனி ஒரு மெக்கை முழுதாகக் கட்டிப் பார்ப்போம். 55 டன், 5/8. இஞ்சின் 15.5, கைரோ 3, உள்சட்டகம் 5.5, காக்பிட் 3. கழித்தால் 28. ஆர்மர் 11 டன் போடுங்கள். டன்னுக்கு 16 புள்ளி வீதம் 176 புள்ளி, இந்த எடைக்கு உச்சவரம்பு 185. மிச்சம் 17 டன்.

பெரும்பாலோர் முதலில் எழுதுவது இதுதான்: பிபிசி 7, மீடியம் லேசர் நான்கு 4, எஸ்ஆர்எம்-6 (குறுந்தூர ஏவுகணை) லாஞ்சர் 3, அம்மோ (குண்டு இருப்பு) 1, கூடுதல் ஹீட் சிங்க் 2. மொத்தம் 12 ஹீட் சிங்க். தாளில் நன்றாக இருக்கிறது. ரேஞ்ச் வாரியாகப் பிரித்துப் போடுங்கள். தொலைவில் ஓடிக்கொண்டே பிபிசி: 10, ஓட்டத்துக்கு 2, ஆக 12, சமன். கிட்டத்தில் ஓடிக்கொண்டே நான்கு லேசரும் எஸ்ஆர்எம்மும்: 12 + 4 + 2 = 18, மிஞ்சுவது 6. முதல் டர்னிலேயே வேகம் போயிற்று, அதுவும் எதிரி மிக அருகில் இருக்கும்போது.

எஸ்ஆர்எம்மையும் அதன் அம்மோவையும் எடுத்துவிட்டு நான்கு ஹீட் சிங்க் வையுங்கள். இப்போது 16. கிட்டத்தில் ஓடி நான்கு லேசர் சுட்டால் 14, இரண்டு மிச்சமாகத் தணியும். அந்த மிச்சம் வீண்; ஹீட் சிங்க் ஒன்றை எடுத்து ஐந்தாவது லேசராக்கலாம். 15 சிங்க், ஐந்தும் சுட்டால் 17, மிஞ்சுவது 2. நீண்ட ஓட்டத்தில் லாபம் சிறியது: ஐந்து, நான்கு, நான்கு என்று சுட்டால் மூன்று டர்னில் ஒரே ஒரு லேசர் கூடுதல். ஆனால் எதிரியின் முதுகு கிடைக்கும் அந்த ஒரு டர்னில் ஐந்தையும் சுட்டுவிட்டு வேகம் குறையாமல் விலகலாம். என் தேர்வு இதுதான். எஸ்ஆர்எம் தந்த சராசரி 8 சேதம் போனது உண்மை. அதோடு வெடிக்கும் பொருளும் போனது.

அம்மோவை டன்னில் எண்ணாமல் டர்னில் எண்ணுங்கள். ஏசி/20க்கு ஒரு டன்னில் 5 குண்டு, ஏசி/10க்கு 10, ஏசி/5க்கு 20, எல்ஆர்எம்-20க்கு (நெடுந்தூர ஏவுகணை) 6, எல்ஆர்எம்-15க்கு 8. ரைஃபிள்மேனின் ஒரு டன் இரண்டு ஏசி/5க்கும் பொது, ஆகவே பத்து டர்ன். ஹன்ச்பேக் ஹெச்பிகே-4ஜி இரண்டு டன் சுமப்பதும் பத்து டர்னுக்குத்தான். எல்ஆர்எம்-20க்கு ஒரு டன் மட்டும் வைப்பவர்கள் ஏழாவது டர்னில் பத்து டன் வெற்று லாஞ்சரைச் சுமந்து நடக்கிறார்கள். அதற்காக அள்ளித் திணிக்கவும் கூடாது. வெடித்தால் மிச்சமிருக்கும் அத்தனை குண்டின் சேதமும் உள்ளேயே விழும்: முழு டன் ஏசி/20 என்றால் 100, எல்ஆர்எம் என்றால் 120. எல்லாவற்றிலும் மோசம் மெஷின் கன். வார்ஹாமர் டபிள்யூஹெச்எம்-6ஆர் சுமக்கும் ஒரு டன்னில் 200 சுற்று, ஒவ்வொன்றும் 2 சேதம், ஆக 400. இங்கே சொன்ன எந்த மெக்கும் அதைத் தாங்காது. மெஷின் கன்னுக்கு அரை டன் அம்மோ வாங்க விதி இடம் தருகிறது, அதுவே போதும்.

எங்கே வைப்பது என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. கிரிட்டிக்கல் (உள்ளே இருக்கும் பாகத்தைத் தாக்கும் அடி) விழும்போது பகடை ஷீட்டில் காலியான கட்டத்தைக் காட்டினால் பகடையை மறுபடி உருட்ட வேண்டும். அதனால் வலது மார்பில் அம்மோவைத் தவிர வேறொன்றும் இல்லை என்றால் அங்கே விழும் ஒவ்வொரு கிரிட்டிக்கலும் அம்மோவில்தான் போய் முடியும். அதே இடத்தில் ஐந்து ஹீட் சிங்கைச் சேர்த்து வைத்தால் வாய்ப்பு ஆறில் ஒன்று. ஹீட் சிங்க் போனால் சமாளிக்கலாம். வெப்பம் 19ஐத் தொட்டால் எங்கே வைத்திருந்தாலும் வெடிப்புச் சோதனை உண்டு, இந்த மறைப்பு அதற்கு உதவாது.

டபுள் ஹீட் சிங்க் உள்ள காலத்து மெக் என்றால் கணக்கு தளரும். ஒரு டன்னுக்கு 2 தணியும். இன்னர் ஸ்பியர் (விளையாட்டின் கதையில் ஒரு தரப்பு) வகை ஒவ்வொன்றும் மூன்று கட்டம் பிடிக்கும் என்பதால் இடம்தான் தட்டுப்பாடாகும். இஞ்சினுக்குள் அடங்குவது ரேட்டிங்கை 25ஆல் வகுத்த எண்ணிக்கை. 200 இஞ்சினில் எட்டுதான் அடங்கும், இலவசப் பத்தில் இரண்டு வெளியே வந்து ஆறு கட்டத்தை விழுங்கும்.

கட்டி முடித்த ஷீட்டில் கடைசியாக ஒரு சோதனை. இஞ்சினில் ஓர் அடி விழுந்தால் டர்னுக்கு 5 வெப்பம் கூடும். ஒவ்வொரு ரேஞ்சுக்கும் அந்த 5ஐச் சேர்த்து மறுபடி போடுங்கள். மேலே கட்டிய 55 டன் மெக்கில், 12 சிங்க் வைத்த முதல் வடிவம் பிபிசியைச் சுட்டு ஓடினால் 17 உண்டாகி 5 மிஞ்சும், உடனே வேகம் போகும். 15 சிங்க் வைத்த வடிவத்தில் மிஞ்சுவது 2. இரண்டு டர்ன் சுடலாம், மூன்றாவதில் சுடாமல் ஓடினால் மட்டும் போதும்.