ஏறும், நிற்கும், மறுபடி ஏறும்

டிராயரில் பழைய ரவுட்டர் அடாப்டர் ஒன்று சும்மா கிடந்தது. 12 வோல்ட், 1 ஆம்பியர். அதை வைத்து போனுக்கு ஒரு சார்ஜர் செய்யலாமே என்று உட்கார்ந்தேன்.

எனக்கு முதலில் பயம் கரண்ட்டைப் பற்றித்தான். 2 ஆம்பியர் தரும் சர்க்யூட்டில் மாட்டினால் போன் புகைந்துவிடாதா? புகையாது. வோல்டேஜ் நாம் கொடுப்பது, கரண்ட் போன் தானாக எடுத்துக்கொள்வது. போன் கேட்பது 5 வோல்ட் என்றால் 5 வோல்ட்தான் இருக்கவேண்டும். ஆம்பியர் தாராளமாக இருக்கலாம், குறையத்தான் கூடாது. இது புரியவே எனக்கு ஒரு வாரம்.

முதல் முயற்சி 7805, அதாவது 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் ஐசி. சார்ஜ் ஏறும், நிற்கும், மறுபடி ஏறும். தொட்டுப் பார்த்து விரலைச் சுட்டுக்கொண்டேன். கணக்குப் போட்டதும் விளங்கியது: 12-ல் 5 போக மிச்சம் 7 வோல்ட். போன் இழுத்தது 0.5 ஆம்பியர். ஆக போனுக்கு 2.5 வாட், வெறும் சூடாக 3.5 வாட்! சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட் சிங்க் தகட்டைப் போடாததால் ஐசி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்து அணைந்து எழுந்திருக்கிறது.

அடுத்து எல்எம்2596 பக் கன்வர்ட்டர், இதுவும் வோல்டேஜைக் குறைக்கும் ஒரு சின்ன மாட்யூல்தான். இது மிச்ச வோல்டேஜை எரித்துத் தள்ளுவதில்லை. உள்ளே போகும் 12 வாட்டில் சுமார் பத்து வெளியே வரும். அதாவது 1 ஆம்பியர் அடாப்டரிலிருந்து 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை. கேட்க ஏமாற்று வேலை மாதிரி இருக்கும், கணக்கு சரிதான். நல்லவேளை, போனை மாட்டும் முன் மீட்டர் வைத்தேன். புது மாட்யூல் 11 வோல்ட் காட்டியது. அதில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் திருகைச் சுற்றிச் சுற்றி 5.05-க்குக் கொண்டுவந்தேன்.

அப்போதும் போன் 0.5 ஆம்பியரைத் தாண்டவில்லை. கம்ப்யூட்டர் போர்ட் என்று நினைத்துக்கொண்டு அடக்கமாக எடுக்கிறது. யூஎஸ்பி சாக்கெட்டின் இரண்டு டேட்டா பின்களையும் ஒன்றோடொன்று சேர்த்து சால்டர் வைத்ததும், இது சார்ஜர்தான் என்று நம்பி 1 ஆம்பியருக்கு ஏறியது. ஆனால் அதோடு நின்றுவிட்டது.

இந்தத் தடவை குற்றவாளி கேபிள். மாட்யூலில் 5.05, போன் முனையில் 4.6. தலைமுடி மாதிரிக் கம்பி, ஒரு மீட்டர் நீளம். திருகை இன்னும் கொஞ்சம் ஏற்றிவிடலாமா என்று கை துறுதுறுத்தது. ஏற்றவில்லை. பேட்டரி நிறைந்து கரண்ட் குறையும்போது கேபிளில் விழும் வோல்டேஜும் குறையும். ஏற்றி வைத்தது முழுக்கப் போனுக்குள் போகும். தடித்த அரை மீட்டர் கேபிள் மாட்டினேன். 1.4 ஆம்பியர்.

திருகு அசையாமலிருக்க அதன் மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ்.