தியாகம் என்று சொல்லாதீர்கள், ப்ளீஸ்

ஃபர்லோ, அதாவது ஊழியத்திலிருந்து ஊருக்கு வரும் நீண்ட விடுப்பு, என்றால் மிஷனெரிகளுக்கு ஓய்வு என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். ஊர் வந்து சேர்ந்த வாரத்திலிருந்து டெப்புடேஷன்தான், சபை சபையாகப் போய் எங்கள் ஊழியத்தைப் பற்றிச் சொல்வது. ஞாயிற்றுக்கிழமை ஒரு சபை, நடுவாரத்தில் ஒரு ஜெபக்கூட்டம், அப்புறம் பெண்கள் ஐக்கியம், வாலிபர் கூட்டம். இவர் பேசுவார், நான் லேப்டாப்பில் படம் காட்டுவேன், பிள்ளைகள் இரண்டு பேரும் முன்னால் நின்று சுவாஹிலியில் ஒரு பாட்டுப் பாடுவார்கள். முடிந்ததும் காப்பி, மிக்சர், கேக். அந்த நேரம் பார்த்து யாராவது ஒரு அக்கா என் கையைப் பிடித்துக்கொள்வார். "பிள்ளைகளையும் கூட்டிட்டு அங்க போய் இருக்கீங்களேம்மா, எவ்வளவு பெரிய தியாகம்!"

இந்த முறை அது ஒரு படி மேலே போய்விட்டது. பெரியவள் ஜூனிலிருந்து என் அம்மாவோடு இங்கேயே தங்கி, கொடைக்கானலில் படிக்கப்போகிறாள். இது தெரிந்ததும் அக்காக்களுக்குக் கண் கலங்கிவிடுகிறது. "அன்னாள் சாமுவேலைக் கொடுத்த மாதிரி" என்கிறார்கள். பைபிளில், வேண்டிப் பெற்ற மகனை ஆலயத்துக்கே கொடுத்துவிட்ட தாய் அவள். பக்கத்தில் பெரியவள் இரண்டாவது துண்டு கேக்கை முடித்துக்கொண்டிருப்பாள்.

நாங்கள் இருப்பது தான்சானியாவின் வடகிழக்கில், உசம்பாரா மலையில், லுஷோட்டோவிலிருந்து உள்ளே தள்ளி ஓர் ஊர். ஆப்பிரிக்கா என்றதும் நம் ஜனங்களுக்குச் சிங்கமும் வெயிலும்தான் ஞாபகம் வரும். பார்த்தால் அது இன்னொரு கொடைக்கானல். உயரம்தான் குறைவு. இங்கே 2100 மீட்டர் என்றால் லுஷோட்டோ சுமார் 1400. ஜெர்மன்காரர்கள் ஆண்ட காலத்தில் கீழ்நாட்டுச் சூட்டுக்குப் பயந்து மேலே ஏறி, அதற்கு வில்ஹெல்ம்ஸ்டால் என்று பெயர் வைத்திருந்தார்கள். சரிவெல்லாம் முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, கேரட். பிளம்ஸும் பேரிக்காயும் உண்டு. யூகலிப்டஸ், சில்வர் ஓக் கூட உண்டு. மெயின் ரோட்டை விட்டு மோம்போவில் திரும்பினால் காட் ரோடு ஆரம்பம், அதுதான் எங்களுக்கு வத்தலக்குண்டு. சின்னவன் இரண்டு காட் ரோட்டிலும் பாரபட்சமில்லாமல் வாந்தி எடுப்பான்.

இவர் சபை நடத்தும் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். காலையில் போனால் மலேரியா ஸ்லைடும் சளிப் பரிசோதனையுமாகப் பொழுது போய்விடும். எனக்கு டிபென்டன்ட் பெர்மிட், சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. அதனால் ஓய்வுநாள் பள்ளி, பெண்களுக்குத் தையல், மிச்ச நேரம் அடுப்படி. கரி அடுப்பில் உகாலி கிண்டக் கற்றுக்கொண்டேன். நம் கேப்பைக் களிக்குக் கை பழகியவளுக்கு மக்காச்சோள மாவு ஒன்றும் பெரிய விஷயமில்லை. அங்கே கிடைக்கிற கீரை நம் தண்டங்கீரைதான், டகா என்று விற்கிற கருவாடு ஏறக்குறைய நெத்திலிதான். இட்லி மாவு மட்டும் புளிக்காமல் மானத்தை வாங்கும். அதுவும் எனக்குப் புதிதில்லை. கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் அம்மா மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்பு மேட்டில் வைத்ததைப் பார்த்து வளர்ந்தவள்தானே நான்.

ஆரம்பத்தில் குழப்பியது கடிகாரம். அங்கே சூரியன் உதித்ததிலிருந்து மணியை எண்ணுவார்கள். அவர்களுக்கு இரண்டு மணி என்றால் நமக்குக் காலை எட்டு. பெண்கள் கூட்டம் இரண்டு மணிக்கு என்றதை நம்பி நான் மதியம் போய் நின்றால், கோவிலில் ஆட்டுக்குட்டிதான் இருந்தது.

அங்கே எனக்கு மிகவும் பிடித்தது ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு நடக்கும் ஏலம். நம் சபைகளில் அறுப்பின் பண்டிகைக்கு வருஷத்துக்கு ஒரு முறை நடப்பது அங்கே சாதாரண ஞாயிற்றுக்கிழமை. கையில் காசில்லாதவர்கள் காணிக்கையாக முட்டை, கரும்பு, வாழைத்தார், சில சமயம் உயிர்க்கோழி கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் கோவில் வாசலில் வைத்து ஏலம் போடுவார்கள். வாங்கினவரே "திரும்பவும் போடுங்க" என்று அந்தக் கோழியைத் திருப்பிக் கொடுப்பார். அப்படி ஒரே கோழி பல கை மாறி, காணிக்கைப் பெட்டி நிறையும். ஒரு நாள் சின்னவன் ஆர்வக்கோளாறில் கையைத் தூக்கிவிட்டான். ஏலம் விட்டவர் சிரிக்காமல் அவனையே பார்த்து மூன்று தரம் சொல்லி, சேவலை அவன் கையில் கொடுத்துவிட்டார். இவர் பர்ஸை எடுக்க வேண்டியதாயிற்று. "திருப்பிக் கொடுடா" என்றோம். சேவலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மாட்டேன் என்றான். இன்றும் அது எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார். அதைக் குழம்பு வைக்கும் தைரியம் யாருக்கும் இல்லை.

இதையெல்லாம் சபைகளில் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் மறுபடியும் தியாகம். அதில்தான் எனக்கு இடிக்கிறது.

நான் கொடைக்கானலில் பிறந்து வளர்ந்தவள். மிஷனெரிப் பிள்ளைகளின் கதை இந்த ஊருக்கு அத்துபடி. 1834இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன்காரர்கள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் குடும்பம் குடும்பமாகப் பறிகொடுத்துத்தான் மலையைத் தேடினார்கள். 1845இல் அவர்கள் இங்கே கட்டிய பங்களாக்களில் இருந்துதான் இந்த ஊரே ஆரம்பம். பிள்ளை பிழைத்தால் அடுத்த கவலை படிப்பு. கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பினால் பல வருஷம் முகம் பார்க்க முடியாது. வேலூர் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மாவே அப்படி விடப்பட்ட பிள்ளைதான். அப்பா அம்மா இந்தியாவில், அவர் அமெரிக்காவில் உறவினர் வீட்டில். மிஷனெரியாகவே ஆகமாட்டேன் என்றிருந்த அவர் திரும்பி வந்து, கடைசியில் 1960இல் இதே கொடைக்கானலில்தான் கண்ணை மூடினார். 1901இல் ஹைகிளர்க் என்ற பெயரில் இங்கே பள்ளி தொடங்கியதும் (இன்றைய இன்டர்நேஷனல் ஸ்கூல்தான் அது) பிள்ளைகளைக் கடல் தாண்டி அனுப்ப வேண்டிய அவசியம் குறைந்தது.

என் அப்பத்தா ஒரு அமெரிக்கக் குடும்பத்தின் பங்களாவில் ஆயாவாக இருந்தவர். ஏப்ரல், மே சீசனுக்கு அம்மாமார் மேலே வருவார்கள், பிள்ளைகள் போர்டிங்கை விட்டுவிட்டு அவர்களோடு இருக்கும். சீசன் முடிந்து அவர்கள் கீழே இறங்குகிற வாரம்தான் ஆயாக்களுக்குக் கஷ்டம் என்பார் அப்பத்தா. தொரைசாணி பஸ் ஏறும்வரை அழமாட்டார், பிள்ளையும் அழாது. பஸ் திரும்பினதும் பிள்ளை அப்பத்தாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வி கேட்குமாம். ராத்திரிச் சாப்பாடு என்ன என்று.

என் வீட்டில் கேள்வி வேறு மாதிரி வந்தது. உசம்பாராவில் மழைக்காலம், கரண்ட் இல்லை, குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்திருக்கிறோம். சொந்த ஊரை விட்டுப் போகும்படி கர்த்தர் ஆபிரகாமை அழைத்த பகுதியை இவர் வாசித்து முடித்தார். பெரியவள் கேட்டாள்: "அழைப்பு உங்க ரெண்டு பேருக்கும் வந்துச்சு. எனக்கு வரலையே. அப்ப நான் இங்க யாரு?"

இவர் எதற்கும் உடனே பதில் சொல்கிற ஆள் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நீ எங்க பொண்ணு" என்றார்.

"அது தெரியும்பா. அதுக்கு மேல?"

அதற்கு மேல் எங்களிடம் எதுவும் இல்லை. அதற்குள் சின்னவன் குறுக்கே புகுந்தான். "எனக்கு எதுக்கு அழைப்பு? நான் இந்த ஊர்க்காரன்." அவன் பிறந்தது அங்கே. அவன் கணக்குப்படி அவன் மிஷனெரியே இல்லை, மிஷனெரி வீட்டில் தங்கியிருக்கும் உள்ளூர்க்காரன்.

படிப்பு விஷயம் அதற்குப் பிறகுதான் முடிவானது. அங்கே அரசாங்க ஆரம்பப் பள்ளி சுவாஹிலியில், மேல்நிலை ஆங்கிலத்தில். பெரியவள் சமாளித்துவிடுவாள். ஆனால் அவளுக்கு வேண்டியது வேறு. பெரிய லைப்ரரி, பேஸ்கட்பால் கோர்ட், தமிழில் சண்டை போட ஒரு சிநேகிதி, அப்புறம் அம்மாச்சி. இதை ஒரு தாளில் எழுதியே கொடுத்தாள். நாங்கள் அவளை எதற்கும் கொடுக்கவில்லை. அவள் கேட்டாள், சரி என்றோம். கடைவீதியில் ஷூ வாங்குகிறபோது அவள் முகத்தைப் பார்த்தால் தியாகம் என்று யாரும் வாயெடுக்க மாட்டார்கள். அழுகிறது சின்னவன்தான், அதுவும் அக்காவுக்காக இல்லை. சேவல் தன்னை மறந்துவிடும் என்று.

அன்னாள் கதைக்கு வருகிறேன். பிரசங்கத்தில் எல்லாரும் அவள் பிள்ளையைக் கொடுத்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது அடுத்த அதிகாரம். வருஷத்துக்கு ஒரு தரம் பலி செலுத்தப் போகும்போது அவனுக்கு ஒரு சின்னச் சட்டை தைத்துக்கொண்டு போனாள் என்று இருக்கிறது. தையல் தெரிந்தவள் நான் கேட்கிறேன், அளவு எப்படித் தெரியும்? வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கிற பிள்ளை, அதுவும் வளர்கிற வயசு.

என் அம்மாவுக்கு இந்தப் பாடு தெரியும். வருஷா வருஷம் பேத்திக்கு ஸ்வெட்டர் பின்னி, யாராவது வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவார். அளவு போனில்தான்.

"கக்கத்துல இருந்து மணிக்கட்டு வரைக்கும் எத்தனை சாண் இருக்கா?"

"ரெண்டரைம்மா."

"யாரு சாண்? உன் சாணா, என் சாணா?"

டேப் வைத்து அளந்து சென்டிமீட்டரில் சொன்னால் அம்மாவுக்கு நம்பிக்கை வராது. அதனால் ஸ்வெட்டர் வந்து சேரும்போது கை ஒரு விரல்கடை குட்டையாக இருக்கும். அப்படியே சின்னவனுக்கு இறங்கிவிடும். ரோஸ் கலர் ஸ்வெட்டரில், கழுத்தில் பூ வைத்து, அவன் லுஷோட்டோ சந்தைக்கு வருவான், ஒரு வெட்கமும் கிடையாது. இனி அம்மாவுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. பேத்தி எதிரிலேயே இருப்பாள், கூப்பிட்டு முதுகில் வைத்துப் பார்க்கலாம். போனில் சாண் கேட்கப்போவது நான்.

கர்த்தர் எங்களை அங்கே அழைத்தார் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது. அப்பா இறந்தபோது அடக்க ஆராதனையைப் போனில் பார்த்துக்கொண்டிருந்த அன்றைக்கும் கிடையாது. அது என் கணக்கு, நான் கொடுத்தது. பிள்ளைகளை வாழைத்தாரோடு வாழைத்தாராக வாசலில் வைத்து, நான் கொண்டுவந்த காணிக்கை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த அக்காக்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள், தெரியும். ஆனாலும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு, தன்னை யாரோ எதற்கோ விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்றுதானே அது காதில் விழும்?

போன வாரம், எங்களுக்காக ஜெபிக்கிறவர்களுக்கு அனுப்பும் ஜெபக் கடிதத்தை எழுத உட்கார்ந்தோம். "பெரிய மகளைப் பிரிந்து செல்லும் எங்களுக்காக" என்று இவர் முதல் குறிப்பை ஆரம்பித்திருந்தார். பெரியவள் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தாள். "இது வேண்டாம்பா. என் போட்டோவும் வேண்டாம். ஊர்ல எல்லாரும் என்னைப் பார்த்ததும் அழுவாங்க. ஸ்கூல்ல வேற சொல்லிக் காட்டுவாங்க."

"அப்ப உனக்காக யாரும் ஜெபிக்க வேண்டாமா?"

"ஜெபிக்கட்டும். பேர் போடாம."

இவர் என்னைப் பார்த்தார். நான் அழிக்கச் சொன்னேன். முதல் குறிப்பு இப்போது இப்படி இருக்கிறது: எங்கள் பெர்மிட் புதுப்பித்தல் தடையில்லாமல் முடிய ஜெபித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, ஆஸ்பத்திரி லேபுக்கு ஒரு மைக்ரோஸ்கோப். மூன்றாவது சின்னவன் சொல்லி எழுதியது, அது சேவலுக்காக. இவர் அதை எடுக்கவில்லை.