கப்பலுக்குக் கரண்ட் கொடுத்த கதை

முதல் கப்பலுக்குக் கரைமின்சாரம் (கப்பல் தன் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டுக் கரையிலிருந்து எடுக்கும் மின்சாரம்) கொடுக்க வேண்டிய நாளில், அது பக்கம் மாறி வந்து நின்றது. எட்டு மாத வேலை. பெர்த்தில், அதாவது கப்பல் வந்து நிற்கும் மேடையில், புத்தம்புது சாக்கெட் பெட்டி, கையுறை மாட்டியபடி நாலு பேர். கப்பலின் கேபிள் சுருள் மட்டும் கடல் பக்கம்!

துறைமுகத்தின் கார்பன் கணக்கைப் போட உட்கார்ந்ததில்தான் இது ஆரம்பித்தது. எங்கள் சொந்த வண்டிகளும் கிரேன்களும் கணக்கில் சின்னப் பங்குதான். பெரும்பகுதி வந்து போகும் கப்பல்களும் லாரிகளும் விடும் புகை. அதில் நாங்கள் கை வைக்கக்கூடிய ஒரு இடம், பெர்த்தில் நிற்கும்போதும் ஓடிக்கொண்டே இருக்கும் கப்பல் ஜெனரேட்டர். ஸ்வீடனின் கோதன்பர்க் துறைமுகம் 2000-லும் லாஸ் ஏஞ்சல்ஸ் 2004-லும் தொடங்கிவிட்ட வேலை, நமக்கு மட்டும் என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

சாதனங்கள் வாங்கியதில் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் கிரிட் (மின் வலையமைப்பு) 50 ஹெர்ட்ஸ், பெரும்பாலான கப்பல்கள் 60. அதனால் அலைவெண் மாற்றி கட்டாயம் வேண்டும். செலவில் பெரிய பங்கு அதற்குத்தான் போகும். கண்டெய்னர் கப்பல் என்றால் 6,600 வோல்ட், கேபிளைக் கப்பலே கொண்டுவரும். இதெல்லாம் கரைமின்சாரத்துக்கான சர்வதேசத் தரநிலையான ஐஇசி 80005-1-லேயே இருக்கிறது.

மின் இணைப்பு அலுவலகத்தில்தான் மாட்டிக்கொண்டேன். படிவத்தில் 'நுகர்வோரின் நிரந்தர முகவரி' என்று ஒரு கட்டம். கப்பலுக்கு ஏது முகவரி?

"எத்தனை நாள் நிற்கும்?" என்று கேட்டார் எழுத்தர்.

"ஒரு நாள், மிஞ்சிப்போனால் ரெண்டு நாள் சார்."

"அப்போ தற்காலிக இணைப்பு. ஒவ்வொரு கப்பலுக்கும் புது விண்ணப்பம் கொடுங்க."

மூன்று முறை போய் வந்தேன். கடைசியில் அங்கிருந்த ஒரு மூத்த பொறியாளர்தான் முடிச்சை அவிழ்த்தார்: துறைமுகமே நுகர்வோர், கப்பல் எங்கள் மீட்டருக்குப் பின்னால் வரும் ஒரு சுமை, அவ்வளவுதான். ஆனால் அந்த மின்சாரத்தைக் கப்பலுக்கு விற்கத் தனி அனுமதி வேண்டும். அதை முதல் நாளே கேட்டு வைத்துவிடுங்கள். ஒதுக்கிய சுமைக்கு மாதக் கட்டணம் உண்டு, கப்பல் வந்தாலும் வராவிட்டாலும். நாங்கள் ஆசைப்பட்டுப் பெரிய எண்ணை எழுதிவிட்டு, அப்புறம் குறைக்க இன்னொரு நடை நடந்தோம்.

எந்த மின்சாரம் என்பதையும் பாருங்கள். கப்பல் ஜெனரேட்டர் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 220 கிராம் டீசல் எரிக்கும். ஒரு டன் டீசல் எரிந்தால் 3.2 டன் கார்பன் டை ஆக்சைடு. ஆக, யூனிட்டுக்கு 700 கிராம். முழுக்க நிலக்கரி மின்சாரம் என்றால் அதைவிடக் கூடுதலாகவே வரும்! பெர்த்தில் காற்று சுத்தமாகும், கார்பன் வேறு ஊரில் ஏறும். எனவே காற்றாலை மின்சாரத்துக்குத் தனி ஒப்பந்தம் போட்டோம். அதற்கான கோப்பு மின் இணைப்புக் கோப்பைவிடத் தடிமன்.

சரி, அந்த முதல் நாளுக்கு வருகிறேன். கப்பலுக்கு நாங்கள் அனுப்பிய பொருத்தப் படிவத்தில் வோல்ட், ஹெர்ட்ஸ், பிளக் வகை, ஷார்ட் சர்க்யூட் அளவு எல்லாம் இருந்தன. கேபிள் எந்தப் பக்கம் என்ற கேள்வி இல்லை. சில கப்பல்களில் ஒரே பக்கம்தான் இருக்கும். காற்றைப் பார்த்து, கப்பலின் வலப்பக்கம் கரையை ஒட்டியிருக்கும்படி கட்டுவதுதான் பத்திரம் என்று பைலட் (கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிநடத்துபவர்) முடிவெடுத்திருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவரிடம் யாரும் சொல்லவே இல்லை. நின்ற 20 மணி நேரமும் ஜெனரேட்டர் ஓடியது. ஒரு மெகாவாட் சுமை என்று வைத்தாலும் 14 டன் கார்பன் டை ஆக்சைடு, எங்கள் கண்ணெதிரே போனது.

ஆறு வாரம் கழித்து அதே கப்பல் மறுபடி வந்தது. இந்த முறை பெர்த் ஒதுக்கும் பிரிவு, பைலட், கப்பல் ஏஜென்ட் மூவருக்கும் நானே போன் போட்டுச் சொல்லியிருந்தேன். சரியான பக்கம் நின்றது, கேபிள் இறங்கியது, பிளக் மாட்டியாயிற்று. மின்சாரத்தை இணைக்கும் பிரேக்கர் மட்டும் ஏறவில்லை. பாதுகாப்பு சர்க்யூட்டை ஒவ்வொரு இணைப்பாகத் தேடி நாற்பது நிமிடம் போயிற்று. டெஸ்டிங்கின்போது யாரோ அமுக்கிய அவசர நிறுத்தப் பொத்தானைத் திரும்ப விடுவிக்கவே இல்லை! இப்போதெல்லாம் கப்பல் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் எல்லாப் பொத்தான்களையும் கையால் தொட்டுப் பார்க்கிறேன்.

அப்புறம் சுமை மாற ஐந்தே நிமிடம். ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாக நின்றன. கப்பலின் எலக்ட்ரிகல் அதிகாரி மேலிருந்து கட்டைவிரலைக் காட்டினார்.

பத்து நிமிடத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து போன்: "புகைபோக்கியில் இன்னும் புகை வருதே, கரண்ட் கொடுக்கலையா?"

"அது பாய்லர் சார், கரைமின்சாரம் வந்தாலும் அது ஓடும்" என்றேன்.

எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "போட்டோவில் அது தெரியாமல் எடுங்க" என்று வைத்துவிட்டார்.