க்ளோண்டைக் நாட்குறிப்பு: பொன்னுக்கு முன் விறகு

ஏப்ரல் 3

1898-இல் இதே நாள், குருத்தோலை ஞாயிறு. கனடாவின் யூகான் பகுதியிலுள்ள க்ளோண்டைக்குக்குப் பொன் தேடிப் போகும் வழியில், அலாஸ்காவின் சில்கூட் கணவாய்ப் பாதையில் பனிச்சரிவு விழுந்து 60 பேருக்கு மேல் மாண்டார்கள். சுமை தூக்கும் பழங்குடியினர் அன்று மலையேற மறுத்திருந்தார்கள். பனியின் குணம் அவர்களுக்குத் தெரியும்.

ஓராண்டுக்கான பொருள் இல்லாதவரைக் கனடாவின் குதிரைப் போலீஸ் எல்லைக்குள் விடவில்லை. உணவே 500 கிலோவுக்கு மேல். கருவி, கூடாரம் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு டன். முதுகுச் சுமையாக 25, 30 கிலோ வீதம் கொண்டுபோனால் 30, 40 நடை. பழைய படங்களில் எறும்புச் சாரை போலத் தெரியும் வரிசையில் ஏறுபவர்களில் பலர், மறுபடி மறுபடி ஏறும் அதே ஆட்கள்தான்.

ஏப்ரல் 9

குளிர்காலத்தில் போய் ஏன் தோண்டினார்கள்? க்ளோண்டைக்கில் கோடையிலும் மேல்மண் மட்டுமே இளகும், கீழே உறைந்தே கிடக்கும். கோடையில் குழி போட்டால் ஓடைத் தண்ணீர் புகும், சுவர் சரியும். குளிரில் உறைந்த சுவர் தானே நிற்கும். முட்டுக் கொடுக்க வேண்டாம்.

மாலையில் குழிக்குள் விறகடுக்கித் தீ வைப்பார்கள். இரவெல்லாம் எரிந்தபின் காலையில் சாம்பலையும் இளகிய மண்ணையும் வாரி எடுப்பார்கள். ஒரு தீக்கு ஓரடி இறங்கினாலே நல்ல வேலை. அடிப்பாறையோ பல இடங்களில் 15 அடிக்கும் கீழே. முதலில் வருவது மக்கிய கருஞ்சேறு, அதில் பொன் இல்லை. பிறகு சரளை. பொன் கனமானது, சரளையின் அடியிலும் பாறை வெடிப்பிலும்தான் தங்கும். ஆகவே பாறையைத் தொட்டதும் தீயைப் பக்கவாட்டில் திருப்பி, பாறையை ஒட்டியே குடைந்து போவார்கள். மேலே ஒருவர் கைப்பிடி உருளையைச் சுற்றி வாளியை இழுப்பார்.

புகை அடங்கிவிட்டதே என்று அவசரப்பட்டு இறங்கினால் கார்பன் மோனாக்சைடு ஆளைச் சுருட்டிப் போட்டுவிடும்; அதற்கு மணமும் இல்லை. இன்னொரு தொல்லை விறகு. பக்கத்துச் சரிவு மொட்டையானதும் தூரத்திலிருந்து இழுத்து வரவேண்டும். என்னைக் கேட்டால் இவர்களில் பாதிப் பேரை விறகுவெட்டிகள் என்றே சொல்லலாம். நீராவியைக் குழாய் வழியே மண்ணுக்குள் செலுத்தும் முறை பிறகுதான் பரவியது.

மே 20

குளிரெல்லாம் குவித்த மண்ணில் என்ன இருக்கிறது என்பது பனி உருகி ஓடையில் தண்ணீர் வந்தபின்தான் தெரியும். அதுவரை, குடிசைக்குள் பனிக்கட்டியை உருக்கி ஒரு தட்டு மண்ணை அரித்துப் பார்த்து ஊகிப்பதுதான்.

மண்ணைத் தண்ணீரோடு ஓடவிட 12 அடி நீள மரப்பெட்டிகளை ஒன்றோடொன்று கோத்து, அடிக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் சாய்வு கொடுப்பார்கள். பெட்டியின் அடியில் பொன்னைத் தடுத்துப் பிடிக்கக் கழிகள் பரப்பியிருக்கும். தண்ணீர் வேகம் மிஞ்சினால் மெல்லிய துகள் அடித்துக்கொண்டு போகும். குறைந்தால் மணல் கழிகளுக்கிடையே இறுகி, பொன் அதன்மேல் உருண்டு ஓடிவிடும். களிமண் கட்டியை உடைக்காமல் விட்டால் வழியில் கிடக்கும் பொன்னையும் ஒட்டிக்கொண்டு வெளியேறும். கடைசியில் தங்கும் கரும்மணலிலிருந்து பொன்னைக் காந்தத்தாலும் பாதரசத்தாலும் பிரிப்பார்கள். பொன் ஒட்டிய பாதரசத்தைத் திறந்த சட்டியில் காய்ச்சியவர்கள் விஷ ஆவியைச் சுவாசித்தார்கள்.

அந்தப் பொன்னில் வெள்ளி கலந்திருக்கும். க்ளோண்டைக்கின் டாசன் ஊர்க் கடைகளில் அவுன்சுக்கு 16 டாலர். அன்று சுத்தத் தங்கத்துக்கு அமெரிக்க அரசு விலை 20.67.

ஜூலை 17

1897-இல் போர்ட்லேண்ட் கப்பல் அமெரிக்காவின் சியாட்டிலில் க்ளோண்டைக் பொன்னோடு வந்து சேர்ந்த நாள். சேதி கேட்டு ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் கிளம்பினார்கள். போய்ச் சேர்ந்தவர்கள் 30,000 முதல் 40,000. அதற்குள் நல்ல ஓடைகள் எல்லாம் பதிவாகிவிட்டன. வந்தவர்களில் பலர் பிறர் குழியில் கூலிக்கு நின்றார்கள்.

ஆகஸ்ட் 16

1896-இல் க்ளோண்டைக்கின் ராபிட் ஓடையில் பொன் கண்டவர்கள் ஸ்கூக்கம் ஜிம், டாசன் சார்லி, கேட், ஜார்ஜ் கார்மேக். முதல் மூவர் பழங்குடியினர். அவர்கள் பெயரில் கண்டுபிடிப்பு உரிமையை ஏற்க மாட்டார்கள் என்று கருதி, கார்மேக் பெயரில் பதிந்தார்கள். பொன் தேடி வந்தவர்கள் பெருகியதும், க்ளோண்டைக் ஆற்றுமுகத்து மீன்பிடி ஊரைவிட்டு அங்கிருந்த ட்ரொண்டெக் ஹ்வெச்சின் பழங்குடி மக்கள், தலைவர் ஐசக்குடன் மூஸ்ஹைடு என்ற இடத்துக்குப் பெயர்ந்தார்கள். ஜிம் 1916-இல் இறந்தார். தன் பணத்தை யூகான் பழங்குடியினர் நலனுக்கென்று உயில் எழுதி வைத்திருந்தார்.